பிரான்ஸின் பழைய ஒயின் பண்ணைகள் இயற்கை விவசாயத்தால் மீண்டனவா?

“நூற்றுக்கணக்கான வருஷப் பெயர் உள்ள பிரெஞ்சு ஒயின் பண்ணைகள் சில நொடித்துக் கிடந்தன, இயற்கை விவசாயத்துக்கு மாறியதும் மறுபடி எழுந்துவிட்டன என்கிறார்களே, இது நிஜமா? இல்லை, பாட்டில் விலையை ஏற்றுவதற்குச் சொல்லும் கதையா? நிஜம் என்றால் தோட்டத்தில் என்னதான் மாற்றுகிறார்கள்?” கேள்வி இது.

நிஜம்தான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ளும் எல்லாப் பண்ணைக்கும் நிஜமில்லை. ஒரு பண்ணை மனதார மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் தேடுவது, மழை விடாமல் கொட்டி, திராட்சை இலையில் பூஞ்சையாகப் படரும் அடிச்சாம்பல் நோய் தோட்டம் முழுக்கப் பரவிய வருஷத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை. பிரான்ஸின் தென்மேற்கில் ஒயினுக்குப் பெயர்போன போர்டோ பகுதிக்கு 2007 அப்படி ஒரு வருஷம், 2018 இன்னொன்று. இந்த இரண்டு வருஷங்களில் ஒரே பண்ணையில் நடந்ததைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் வந்துவிடும். அதற்கு முன்னால் இந்தப் பண்ணைகள் ஏன் நொடித்தன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1860களில் அமெரிக்காவிலிருந்து ஃபைலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி வந்து சேர்ந்தது. கொடி கொடியாகச் செத்தது. அமெரிக்கத் திராட்சையின் வேர்ச்செடியில் பிரெஞ்சு ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். இன்றைக்கும் பிரான்ஸின் பெரும்பாலான கொடிகள் அப்படி ஒட்டுக்கட்டியவைதான். அது அடங்குவதற்குள் 1878 வாக்கில் அடிச்சாம்பல் நோய் வந்தது, அதுவும் அமெரிக்காவிலிருந்துதான். அப்புறம் இரண்டு உலகப் போர்கள், நடுவில் 1930களின் மந்தம். போதாததற்கு 1956 பிப்ரவரியில் கடும் உறைபனி விழுந்து, போர்டோவில் ஆற்றின் வலக்கரையில், பொம்ரோல் பக்கம், கொடிகள் ஏராளமாக மடிந்தன. கையில் காசு வறண்ட முதலாளிகளுக்கு அந்த நேரத்தில் கிடைத்த வரப்பிரசாதமாகத் தெரிந்தவை பொட்டாஷ் உரமும், களைக்கொல்லியும், வரிசைக்கு மேலேயே கால் பரப்பிப் போகும் உயரமான டிராக்டரும். பத்து ஆள் வேலையை ஒரு ஆள் செய்யலாம். யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அது பிழைக்கும் வழி.

அது மண்ணை என்ன செய்தது என்பதற்கு நிக்கோலா ழோலி சொல்வதை நான் அடிக்கடி நினைப்பேன். லுவார் ஆற்றங்கரையில், ஆன்ஜே நகரத்துக்குப் பக்கத்தில், கூலே த செரான் என்று 7 ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது. சிஸ்டர்சியன் துறவிகள் 1130ல் கொடி நட்ட இடம். 1970களில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து, குடும்பத்துக்குச் சொந்தமான அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ழோலி ஏற்றார். உழவை நிறுத்திக் களைக்கொல்லி அடித்தால் செலவு மிச்சமாகும் என்று விவசாய ஆலோசகர் சொன்னார், அவரும் கேட்டார். இரண்டே வருஷத்தில் மண்ணின் நிறம் மாறிவிட்டது, பூச்சிகளையும் பறவைகளையும் காணவில்லை என்பது ழோலி பல மேடைகளில் சொன்னது. எண்ணூறு வருஷத்துக்கு மேல் திராட்சை விளைந்த மண், இரண்டு வருஷத்தில்! பிறகு உயிராற்றல் வேளாண்மை (ரசாயனத்தை விடுவதோடு, கொம்பு சாணத் தெளிப்பு, சந்திரன் நாள்காட்டி என்றும் போகிற இயற்கை முறை) பற்றிப் படித்து, 1984க்குள் தோட்டம் முழுவதையும் அந்த முறைக்குக் கொண்டுவந்தார். பிரான்ஸில் இந்த வழிக்கு முதலில் வந்த பெரிய பெயர்களில் அவர் ஒருவர்.

சரி, இப்போது போர்டோ. அங்கே மெடாக் பகுதியில் போயாக் என்ற ஊர். ஷத்தோ என்றால் மாளிகை, ஒயின் பண்ணைகளின் பெயருக்கு முன்னால் வரும் சொல். ஷத்தோ மூத்தோன் ரோத்ஷீல்டு என்ற பண்ணைக்கு அடுத்த நிலம் ஷத்தோ பொந்தே-கானே. 1855ல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போர்டோ பண்ணைகளைத் தரம் பிரித்தபோது இதற்குக் கடைசி வகுப்பான ஐந்தாம் வகுப்பு கிடைத்தது. 1865 முதல் நூற்றுப் பத்து வருஷம் க்ரூஸ் என்ற ஒயின் வணிகக் குடும்பத்திடம் இருந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் இதன் ஒயினைப் பண்ணையிலேயே பாட்டிலில் அடைக்கும் வழக்கம் கிடையாது. வணிகர் கிடங்குக்குப் பீப்பாயில் போய்விடும். பெயர் பெரிது, பாட்டிலில் இருப்பது சுமார் என்ற நிலை. 1975ல் கொன்யாக் பிராந்தி வியாபாரியான கீ தெசெரோன் வாங்கினார். அவர் மகன் ஆல்ஃபிரட் தெசெரோன் 1994ல் பொறுப்புக்கு வந்தார். தோட்டத்தையும் ஒயின் தயாரிப்பையும் பார்த்துக்கொண்டவர் 1989 முதல் அங்கே இருந்த ழான்-மிஷேல் கோம். என்னைப் பொறுத்தவரை இந்த மாற்றத்துக்கு உயிர் கொடுத்தவர் இவர்தான். கோமும் அவர் மனைவி கொரினும் தங்களுக்குச் சொந்தமான சின்னத் தோட்டத்தில் உயிராற்றல் முறையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் பெரிய பண்ணைக்கு அதைக் கொண்டுவந்தார்கள்.

2004ல் 14 ஹெக்டேரில் சோதனை. அடுத்த வருஷமே மொத்தம் 80 ஹெக்டேர், அதாவது 200 ஏக்கர். மெடாக்கில் அந்த அளவில் யாரும் துணியாத காரியம். கடலும் ழிரோந்த் ஆற்று முகமும் பக்கத்திலேயே. காற்றில் எப்போதும் ஈரம். இங்கே ரசாயனம் இல்லாமல் திராட்சை வளர்க்க முடியாது என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

2007 கோடை அதைக் காட்டியது. அடிச்சாம்பல் நோயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் இலையின் மேல்பக்கம் எண்ணெய் சொட்டினாற்போல் ஒரு மஞ்சள் வட்டம். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. இரண்டு நாள் ஈரம் தொடர்ந்தால் அது பிஞ்சுக் குலைக்கு இறங்கிவிடும். மணிகள் பழுப்பாகி, தோல்போலச் சுருங்கி, கையால் தொட்டால் உதிரும். அந்த வருஷம் மழை நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் தெசெரோனுக்கு மனது தாங்கவில்லை, இயற்கை முறையில் சேராத மருந்தை அடிக்கச் சொல்லிவிட்டார். குலைகள் பிழைத்தன, சான்றிதழுக்காகச் சேர்த்த வருஷங்கள் போயின. சான்று பெற மூன்று வருஷம் விதி மாறாமல் நடக்க வேண்டும், ஒரு தெளிப்பு அடித்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அந்த முடிவு தவறு என்று தெசெரோனே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். பெரிய பண்ணை முதலாளி ஒருவர் அப்படிச் சொல்வது அந்த வட்டாரத்தில் அபூர்வம்.

2008ல் மறுபடி ஆரம்பித்தார்கள், இந்த முறை இன்னும் ஆழமாக. உழவுக்குப் பிரெத்தோன் இனக் குதிரைகள் வந்தன. பார்ப்பதற்கு அழகாக இருக்கும், படம் எடுக்கத் தோதாக இருக்கும் என்பதால் பலர் இதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மெடாக்கில் வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், கொடிக்குக் கொடி ஒரு மீட்டர். ஹெக்டேருக்கு 10,000 கொடி வரை நிற்கும். கால் பரப்பிய டிராக்டர் போனால் வருஷத்துக்குப் பல தடவை அதே தடத்தில் டன் கணக்கில் எடை இறங்கும். மண் இறுகும், மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் மேலே நிற்கும், காற்று போகாது, மண்புழு இருக்காது. வேர் கீழே போக முடியாமல் மேலாகவே படரும்; மேலாகப் படர்ந்த வேர் மழைக்கு உடனே தண்ணீரை உறிஞ்சும், வெயிலுக்கு உடனே வாடும். குதிரையின் குளம்பு வரிசை நடுவில்தான் விழும். அதற்கு ஏற்ற கலப்பையும் தெளிப்பானும் கடையில் கிடைக்காததால் பண்ணையிலேயே வடிவமைத்துச் செய்துகொண்டார்கள்.

2010ல் இயற்கை வேளாண்மைச் சான்று கிடைத்தது. 1855 பட்டியலில் உள்ள மெடாக் பண்ணைகளில் இப்படி முழுவதும் மாறிச் சான்று வாங்கிய முதல் பண்ணை இதுதான். 2009, 2010 ஆகிய இரண்டு வருஷ ஒயினுக்கும் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 100க்கு 100 போட்டார். ஐந்தாம் வகுப்புப் பண்ணை! அதற்குப் பிறகுதான் அக்கம்பக்கத்தில் கேலி நின்றது. 2012ல் ஒயினை முதிரவைக்கச் சிமென்ட் ஜாடிகள் வந்தன; ஒவ்வொன்றும் சுமார் 900 லிட்டர், அந்தச் சிமென்டில் கலந்தது பண்ணையின் நிலத்திலிருந்தே எடுத்த கல். மரப்பீப்பாயின் வாசனை ஒயினை மூடிவிடாமல் மண்ணின் ருசி தெரியட்டும் என்பது எண்ணம்.

பிறகு 2018. ஜூலை வரை ஓயாத மழை, அதற்குப் பிறகு கடும் வெயில். 2007ஐ விட மோசமான பூஞ்சை. இந்த முறை பொந்தே-கானேயில் ரசாயனம் அடிக்கவில்லை. ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர்தான் கிடைத்தது, வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே வருஷம் மார்கோ ஊரில் ஷத்தோ பால்மேருக்கும் கிட்டத்தட்ட அதே கதி. அதன் நிர்வாகி தொமா துரூ 2008ல் சோதனையாகத் தொடங்கி 2014ல் முழுத் தோட்டத்தையும் உயிராற்றல் முறைக்குக் கொண்டுவந்த பண்ணை அது. விளைச்சல் அவ்வளவு குறைந்ததால் அந்த வருஷம், முதன்மை ஒயினுக்கு அடுத்தபடியாக வேறு பெயரில் விற்கும் தங்கள் இரண்டாவது ஒயினையே போடவில்லை. எஞ்சிய கொஞ்சத்தில் வந்த ஒயினை இரண்டு இடத்திலும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். முக்கால்வாசிக் குலை கருகிப் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டு, ரசாயன மருந்து அறையைத் திறக்காமல் இருந்த அந்த ஜூன், ஜூலை மாதங்கள்தான் “மாறிவிட்டோம்” என்ற சொல்லுக்கு அர்த்தம் என்று நினைக்கிறேன்.

அடிச்சாம்பல் நோய்க்கு இயற்கை விவசாயிகளிடம் மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது: தாமிரம். நம் ஊர் விவசாயிகளுக்கும் நன்றாகத் தெரிந்த போர்டோ கலவைதான் அது. பெயரே இந்த ஊர்ப் பெயர். மெடாக்கில் சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாக அடித்து வைப்பார்கள். 1882 அக்டோபரில் செயின்ட் ஜூலியன் ஊர் வழியாக நடந்து போன தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, தோட்டம் முழுக்க இலை உதிர்ந்திருக்க அந்த நீலக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக நிற்பதைப் பார்த்தார். சோதித்து 1885ல் வெளியிட்டார். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று கலந்து, பளபளப்பான கத்தியை முக்கிச் செம்பு படிகிறதா என்று பார்த்துவிட்டு, படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை விடுகிற நம் ஊர்ப் பழக்கம் அந்தச் சாலையோரத்திலிருந்து வந்தது.

இதில் சங்கடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தாமிரம் இலைமேல் மட்டும் இருக்கும். நல்ல மழை அடித்தால் கழுவிப் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். கழுவியது மண்ணில் சேரும், மக்காது. நூறு வருஷத்துக்கு மேல் தாமிரம் அடித்த தோட்டங்களில் மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் அது பாரம்தான். அதனால் 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 வருஷத்துக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. சராசரி வருஷத்துக்கு 4 கிலோ. 2018 மாதிரி வருஷத்தில் அது பற்றாது. “இயற்கை முறை என்றால் நிலத்துக்குத் தீங்கே இல்லை” என்று யாராவது சொன்னால் தாமிரத்தைப் பற்றிக் கேளுங்கள். பூஞ்சையைத் தாங்கும் புதிய கலப்பின ரகங்கள்தான் நீண்ட காலத் தீர்வு என்பது என் கருத்து. ஆனால் கபர்னே, மெர்லோ என்ற திராட்சை ரகங்களால் பெயர் வாங்கிய பழைய பண்ணைகளுக்கு அதை ஏற்க மனம் வருவது கடினம்.

தாமிரத்தைக் குறைக்கத்தான் மற்ற வேலைகள் எல்லாம். இலையுதிர் காலத்தில் வரிசை நடுவில் அவரை வகை, ஓட்ஸ், க்ளோவர், முள்ளங்கி என்று கலந்து விதைக்கிறார்கள். வசந்தத்தில் அதை வெட்டாமல், உருளையால் சாய்த்து மூடாக்காகப் போடுகிறார்கள். சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுத அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதில்லை. இங்கே மடக்கி உழாமல் மேலேயே விடுவதுதான் வித்தியாசம், கோடையில் ஈரம் காக்க. திராட்சைக் குலையைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பதை விட்டு, ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் இனக்கவர்ச்சி வாசனைக் குப்பிகளைக் கட்டுகிறார்கள். ஆண் பூச்சிக்குப் பெண் எங்கே என்று தெரியாமல் போய்விடும். இது ஒரு தோட்டம் தனியாகச் செய்தால் பலிக்காது, பக்கத்துத் தோட்டமும் கட்ட வேண்டும். பகை பாராட்டிய பண்ணைகள்கூட இதற்காகச் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

கவாத்து தனிக் கதை. கொடியின் அடிமரம் உள்ளுக்குள் அழுகிச் சாகும் எஸ்கா நோய்க்கு முன்பு சோடியம் ஆர்சினைட் அடித்தார்கள். நஞ்சு என்று 2001ல் பிரான்ஸ் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்தது மருந்தில்லாத வழி: வெட்டுக்காயம் கொடியின் ஒரே பக்கம் வரும்படி, சின்னதாக வெட்டுவது. சாறு ஓடும் பாதை அறுபடாது. ஷரான்த் பகுதியில் புசார் என்ற விவசாயி கையாண்ட இந்த முறையை 1921ல் ரெனே லஃபோன் எழுதி வைத்திருந்தார், எல்லோரும் மறந்துவிட்டார்கள். வேகவேகமாக வெட்டித் தள்ளிய அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதை மறுபடி கற்றுக்கொடுக்கிறார்கள். பழைய பண்ணையின் மீட்சியில் மாளிகைக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்பதை விட இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன், ஏனென்றால் அறுபது வருஷக் கொடி இன்னும் முப்பது வருஷம் நிற்பது இந்தக் கத்தரி பிடிக்கும் கையில் இருக்கிறது.

உயிராற்றல் முறையில் மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து, எடுத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் கலக்கி, ஹெக்டேருக்கு 100 கிராம் அளவில் தெளிப்பார்கள். நம் ஊரில் கொம்பு சாண உரம் என்பது இதேதான். ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் 1924ல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது. இது வேலை செய்கிறதா? சாதாரண இயற்கை முறையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சோதனைகளில் பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை. சந்திரன் நாள்காட்டிக்கும் அப்படியே. ஆனால் இந்த முறைக்குப் போனவர்கள் தோட்டத்துக்குள் அதிக நேரம் நடக்கிறார்கள், முதல் எண்ணெய்ப் பொட்டை முதல் நாளே பார்க்கிறார்கள். பலன் பெருமளவு அங்கிருந்துதான் வருகிறது என்று நம்புகிறேன்.

இன்னும் பெயர்கள் வேண்டுமானால்: பர்கண்டியில் லாலு பீஸ்-லெருவா 1988ல் நலிந்திருந்த ஷார்ல் நொயெல்லா தோட்டங்களை வாங்கி உடனே உயிராற்றல் முறைக்கு மாற்றினார். அதே பர்கண்டியில் ஆன்-க்ளோத் லெஃப்லேவ் தன் குடும்பப் பண்ணையில் 1990ல் சோதனை தொடங்கி 1997ல் முழுவதும் மாறினார். சொத்தெர்னில் ஷத்தோ கிரோ 2011லும், போயாக்கில் ஷத்தோ லத்தூர் 2018லும் சான்று பெற்றன.

இவர்கள் எல்லோரும் பாட்டிலுக்கு நல்ல விலை கிடைப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். மூன்றில் இரண்டு பங்கு விளைச்சல் போனாலும் அடுத்த வருஷம் சம்பளம் கொடுக்க முடியும். போர்டோவின் சாதாரணப் பண்ணைக்காரர் நிலை வேறு. ஒயின் குடிப்பது பிரான்ஸிலேயே குறைந்துகொண்டு வருகிறது, விலை விழுந்துவிட்டது. 2023ல் போர்டோவில் மட்டும் ஏறக்குறைய 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்க ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுக்கும் திட்டம் வந்தது. தாத்தா நட்ட கொடியை இயந்திரம் பிடுங்கிக் குவிப்பதைப் பார்த்து நின்ற குடும்பங்களுக்கு இயற்கை முறை பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவர்களில் சிலர் இயற்கை முறைக்கு மாறியவர்கள். நல்ல விவசாயம் மட்டும் பண்ணையைக் காப்பாற்றிவிடாது, சரக்குக்கு ஆளும் வேண்டும்.

கடைசியாக, வாங்குகிறவர் எப்படி அடையாளம் காண்பது என்ற விஷயம். பாட்டிலில் பச்சை இலை வடிவ ஐரோப்பிய முத்திரையோ உயிராற்றல் முறைக்குச் சான்று தரும் டிமீட்டர், பியோதிவன் அமைப்புகளின் பெயரோ இருந்தால் ரசாயனப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இல்லை என்று அர்த்தம். எச்.வி.இ. என்ற பிரெஞ்சு சுற்றுச்சூழல் சான்று வேறு. அதில் ரசாயனத்துக்கு முழுத் தடை இல்லை. 2023ல் விதியைத் திருத்தும்வரை அதற்கு ஒரு வழி, உரம், மருந்துச் செலவு மொத்த விற்பனையில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது. விலை உயர்ந்த ஒயின் விற்கும் பண்ணை எதையும் மாற்றாமலே அந்தச் சான்றை வாங்கிவிடும்.

நேரில் போக வாய்ப்பு கிடைத்தால் அறுவடைக் காலத்தில் போகாதீர்கள், மார்ச்சில் போங்கள். கொடியில் இலை இருக்காது, மண் தெரியும். களைக்கொல்லி அடித்த தோட்டத்தில் கொடிகளின் அடியில் கருகிய பட்டை ஒன்று நேர்கோடாக ஓடும். அடிக்காத தோட்டத்தில் அவரையும் ஓட்ஸும் முழங்கால் வரை நிற்கும், செருப்பு மண்ணில் அமுங்கும். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, 2018ல் ஹெக்டேருக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று பண்ணைக்காரரிடம் கேளுங்கள்.